வினோதா சொன்ன ‘என்ன’

— அந்த வயரக் கழட்டாதீங்க சேர். கைய எடுங்க மொதல்ல.

— நான் சும்மா பிளக்கத்தான் பாத்தேன் டீச்சர்.

— பாக்குற கை அப்படி இருக்காது. வாசல்ல வேன் நிக்குது. டிரைவர் கயிறும் படங்குமா நிக்கிறாரு. நீங்க திரையப் பாக்க வந்தீங்களா, தூக்க வந்தீங்களா?

— எது நடக்கணும்னு நீங்கதான் சொல்லணும். ஒரு நிமிஷம் உக்காருங்க மெரினா டீச்சர். நான் சண்டைக்கு வரல. புரொஜெக்ட் ஒபீஸ்ல போகச் சொன்னாங்க, வந்தேன்.

— நான் உக்காந்தா நீங்க கழட்டிருவீங்க. நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லுங்க.

— சனிக்கிழமை நடந்த விஷயம் கொழும்பு வரைக்கும் போயிருச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கத்து சிங்கள ஸ்கூல் புள்ளைங்க ஒரு கூட்டமா வீட்டுல யார்கிட்டயும் சொல்லாம கெளம்பி, தொங்குபாலத்தத் தாண்டி, தேயிலைக்குள்ள ஏறி, உங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்கே வந்திருக்காங்க.

— வந்தாங்க. ஆளுக்கொரு வெசாக் கூடு கையில, தாள் ஒட்டின வெளக்குக் கூடு. மழையில அம்புட்டும் நனைஞ்சு, ஈர்க்குச்சி மட்டும் மிச்சம்.

— அங்க அப்பா அம்மாமாரு பொழுது சாயிற வரைக்கும் தேடியிருக்காங்க. ஆத்துல விழுந்துட்டாங்களோன்னு கரையெல்லாம் பாத்திருக்காங்க. பொலிஸுக்குப் போயிருக்கு. தோட்டத்தாளுங்க புள்ளைங்களக் கூட்டிட்டுப் போயி வச்சிக்கிட்டாங்கன்னு ஒருத்தன் ஃபேஸ்புக்குல போட்டுட்டான்.

— அப்படியா சங்கதி. வச்சிக்கிட்டவ யாருன்னு நான் சொல்றேன். நாகலெட்சுமி, எங்க வினோதாவோட அம்மா. பறிச்ச கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு அப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கு. பாத்தா வாசல்ல சிங்களப் புள்ளைங்க வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு நிக்குதுங்க. கூடைய எறக்கி வச்ச கையோட அடுப்ப மூட்டி, ஒவ்வொண்ணாத் தலையத் தொவட்டி, ரொட்டி சுட்டு சம்பல் வச்சுக் குடுத்திருக்கு. பொறகு அதே பாலம் வரைக்கும் கொண்டுபோயி விட்டுட்டு வந்திருக்கு. இத ஃபேஸ்புக்குல யாரும் போடலயா?

— எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா ஒபீஸ்ல ஒரே ஒரு கேள்விதான் கேக்குறாங்க. யாரு கூப்பிட்டா?

— உங்க மொழிபெயர்க்குற மெஷின் கூப்பிட்டுச்சு.

— டீச்சர்...

— நீங்களே சொல்லுங்க. நாங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பேசுறது எல்லாம் கொழும்புல பதிவாகுதுன்னு சொன்னீங்கதானே. போட்டுப் பாத்திருப்பீங்க.

— பாத்தேன். வழமை போல ரெண்டு ஸ்கூல் ஏழாம் வகுப்பும் திரைக்கு முன்னுக்கு இருந்தீங்க. அங்க சந்தருவன்னு ஒரு பையன் அவன் செஞ்ச வெசாக் கூட்டத் தூக்கிக் காட்டினான். இதெல்லாத்தையும் அங்க கொண்டாந்து காட்டட்டான்னு சிங்களத்துல கேட்டான். இங்க கரண்டு விட்டு விட்டு வந்ததால உங்க திரையில தமிழ் எழுத்து விழல. வினோதா எந்திரிச்சு ‘என்ன’ன்னு கேட்டா.

— கேக்கத்தானே செய்வா. தகரத்துல மழை கல்லு கொட்டுற மாதிரி கொட்டுது. பக்கத்துல நின்ன எனக்கே ஒரு சத்தமும் கேக்கல.

— மெஷினுக்கு ரெண்டு பாஷையும் தெரியும். யாரு எந்தப் பாஷையில பேசுறாங்கன்னு அதுவாத்தான் கண்டுபிடிக்கும். சிங்களத்துல ‘என்ன’ன்னா...

— ‘வாங்க’. தெரியும் சேர். ‘இஸ்ஸரஹட்ட என்ன’, முன்னுக்கு வாங்கன்னு பஸ்ஸுல கண்டக்டர் தொண்டை கிழிய கத்துறானே, அதக் கேக்காத ஆளு இந்த மலையில யாரு இருக்கா.

— அதேதான். வினோதா சொன்னது சிங்களம்னு மெஷின் நெனச்சுக்கிச்சு. மொழிபெயர்க்காம சிங்கள எழுத்துலயே அங்க போட்டு விட்டுருச்சு. இவ தமிழ்ல ‘என்ன’ன்னு கேட்டா. அவங்க திரையில ‘வாங்க’ன்னு விழுந்துச்சு. மறுநாளே வந்துட்டாங்க.

— அப்ப பிழை யாரோடது? பெயரச் சொல்லுங்க.

— மெஷினோடதுதான். இத உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளிய சொல்ல முடியாது.

— வெளிய சொல்ல முடியாதத ஏன் என்கிட்ட சொல்றீங்க? நான் என்ன உள்ளயா இருக்கேன்?

— ஒரு நிமிஷம் கேளுங்க. இந்தத் திட்டம் இந்த வருஷம் மன்னார், புத்தளம், மட்டக்களப்புன்னு போகப் போகுது. தமிழ்ப் புள்ளைங்க, முஸ்லிம் புள்ளைங்க, சிங்களப் புள்ளைங்க எல்லாம் ஒரே திரையில. மெஷினுக்கு இந்த ‘என்ன’வுக்கும் அந்த ‘என்ன’வுக்கும் வித்தியாசம் தெரியலன்னு வெளிய போச்சுன்னா காசு குடுக்குற வெளிநாட்டுக்காரங்க எல்லா எடத்துலயும் நிறுத்திருவாங்க. ஒரு சொல்லுக்காக எத்தனை ஸ்கூலுக்கு இல்லாமப் போகும், யோசிச்சுப் பாருங்க.

— யோசிக்கிறேன். அதுக்கு நாங்க என்ன செய்யணுமாம்?

— சின்ன விஷயம். வினோதா என் போன்ல ஒரு வார்த்தை சொல்லணும். நான் சரியா பேசல, அதனால பிழையாப் போச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு. அவ குரல்லயே இருக்கணும்னு சொல்றாங்க. சொல்லிட்டா திரை இங்கயே இருக்கும். அவ மட்டும் கொஞ்ச நாளைக்கு வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வர வேணாம்.

— சொல்லாட்டி?

— திரைய டவுன் ஸ்கூல் ஒண்ணுக்குக் குடுத்துருவாங்க. வேன் அதுக்குத்தான்.

— ஆக, ஒரு புள்ளைய வெளிய தள்ளினா மத்தப் புள்ளைங்களுக்குத் திரை. தள்ளாட்டி ஒருத்தருக்கும் இல்ல. நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்கீங்க.

— கணக்குப் போட்டது நான் இல்ல டீச்சர்.

— இல்ல, கொண்டாந்து குடுக்குறது மட்டும் நீங்க. சரி, அந்தப் பக்கம் குசுமலதா டீச்சர்கிட்டயும் ஒரு வேன் போயிருக்கா?

— ...இல்ல.

— அங்க திரை இருக்குமா?

— இருக்கும். டவுன் ஸ்கூலோட சேத்துவிடுவாங்க.

— சொல்லாம கொள்ளாம வீட்ட விட்டுக் கெளம்பினது அந்தப் புள்ளைங்க. அதுங்க மேல பிழை இல்ல. அது சரிதான், புள்ளைங்கதானே. வீட்டுல இருந்தவ எங்க புள்ள. அவ மேலதான் பிழை. எனக்கு எரியுது சேர். இத எப்படி நீங்க வாயால சொல்றீங்க?

— அங்க பெரிய ஆளுங்க கேள்வி கேப்பாங்க. இங்க...

— இங்க கேக்க மாட்டாங்க. முடிங்க, ஏன் நிறுத்துறீங்க. இங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு ஒபீஸுக்குத் தெரியும். கேளுங்க பிரதாப். பெரட்டுக் களத்துல காலையில வரிசையா நிக்க வச்சு வேலை பிரிச்சுக் குடுத்தப்ப, ‘என்ன’ன்னு திருப்பிக் கேட்டவன் பேரத்தான் மொதல்ல வெட்டினாங்க. எங்க அப்பா பேரையும் ஒருக்கா வெட்டி, அன்னைக்கு வேலை இல்லன்னு திருப்பி அனுப்பினாங்க. அந்த மலையில இருந்து ஒரு பொட்டப்புள்ள எந்திரிச்சு நின்னு, கொழும்பு மெஷினப் பாத்து ‘என்ன’ன்னு கேட்டிருக்கா. அதுக்கு மன்னிப்புக் கேக்கணுமாம். கேக்க மாட்டா. நான் விட மாட்டேன்.

— நானும் லயத்துல பொறந்தவன்தான் டீச்சர். கொட்டகலைப் பக்கம்.

— தெரியும். அதனாலதான் உங்கள அனுப்பியிருக்காங்க. வேற ஆளு வந்திருந்தா வாசல்லயே நிக்க வச்சிருப்பேன்.

— அப்படிச் சொல்லாதீங்க. இந்தத் திரை எங்க ஆளுங்க ஸ்கூலுக்குத்தான் மொதல்ல வரணும்னு ஒபீஸ்ல நின்னு சண்டை போட்டவன் நான்.

— போட்டீங்க. இல்லங்கல. வந்த அன்னைக்கு நீங்க பலகாரம் கூட வாங்கிட்டு வந்தீங்க. மொத வகுப்பு ஞாபகம் இருக்கா? உங்க வீடு எங்கன்னு அந்தப் புள்ளைங்க கேட்டுச்சு. இவங்க எல்லாரும் ஒண்ணா, ‘நாங்க லயத்துல இருக்கோம்’னு சொன்னாங்க. உங்க மெஷின் அத எப்படிப் போட்டுச்சு?

— சிரிக்க வைக்காதீங்க. தாளத்துல இருக்கோம்னு போட்டுருச்சு.

— அந்தப் புள்ளைங்க, அப்ப நீங்க எல்லாரும் பாட்டுக்காரங்களா, ஒரு பாட்டுப் பாடுங்கன்னு கேட்டுச்சுங்க. லயம்னா என்னன்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. எங்க தமிழ் ஒரு தமிழ்னே அதுக்குத் தெரியாது. அன்னைக்கு நான் கொழும்புக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேக்கச் சொன்னேனா? இல்லதானே. லயம்னா இதுதான்னு போனைத் தூக்கிட்டுப் போயி வீட்டக் காட்டினோம். அத வெளங்கிக்கிட்டாங்க.

— திருத்திட்டோம் டீச்சர். இப்ப லயம்னா சரியா வரும்.

— அந்தப் போன மாசக் கதை தெரியுமா? வினோதா ஒரு படத்தக் காட்டி, இது எங்க தாத்தா, செத்துப் போச்சுன்னு சொன்னா. மெஷின் அத ஒழுங்காத்தான் போட்டுச்சு, நான் குசுமலதா டீச்சர்கிட்ட கேட்டேன். ஆனா இந்தச் சந்தருவன் அழ ஆரம்பிச்சுட்டான். ஏன்னு சொல்லுங்க.

— சிங்களத்துல தாத்தான்னா அப்பா.

— ஆமா. அவன் எழுத்த முழுசாப் பாக்கல. இவ வாயையே பாத்துக்கிட்டு இருந்திருக்கான். இவளோட அப்பா செத்துட்டாருன்னு நெனச்சு, பாவம், விக்கி விக்கி அழறான். ஏன் அழறான்னு இவளுக்குத் தெரியல, இவளும் அழறா. நான் எதுக்குன்னு தெரியாமலே ரெண்டு வகுப்பையும் அமத்த வேண்டியதாப் போச்சு. மெஷின் சரியா சொன்ன அன்னைக்கு ரெண்டு பக்கமும் அழுதுச்சு. மெஷின் பிழையா சொன்ன அன்னைக்கு ஆத்தத் தாண்டி வந்து ரொட்டி சாப்பிட்டுப் போச்சு. எது நல்லதுன்னு உங்க ஒபீஸ்ல கேட்டுப் பாருங்க.

— ரூல் இருக்கு டீச்சர். திரைக்கு வெளிய புள்ளைங்க சந்திக்கக் கூடாது. அது புள்ளைங்க பாதுகாப்புக்கு.

— திரைக்கு வெளியவா? எங்க மணி அடிச்சா அந்த ஸ்கூல் புள்ளைங்க இண்டர்வெல்லுன்னு எந்திரிச்சுருமாம். அவ்வளவு கிட்ட. ஜன்னலத் தொறந்து கூப்பிட்டா அங்க கேக்கும். ஆனா இவ இங்க பேசுறது கொழும்புக்குப் போயி, அங்க இருந்து எந்த நாட்டுக்கோ போயி, சுத்திட்டுத் திரும்பி வந்து இந்த ஆத்தத் தாண்டுது. அது சரியாம். காலால நடந்து தாண்டினா பிழையாம். இவங்களச் சேத்து வைக்கத்தானே வந்தீங்க? சேந்துட்டாங்க. இப்ப பிரிக்கிறதுக்குக் கயிறு கொண்டாந்திருக்கீங்க.

— நீங்க கேக்குறது நியாயந்தான் டீச்சர்.

— நியாயம்னு சொல்றீங்களே, அதுவே பெரிசு. எடுங்க போனை.

— எதுக்கு?

— வினோதா பேச மாட்டா. நான் பேசுறேன். பதிவு பண்ணுங்க.

— டீச்சர், அவசரப்படாதீங்க. இது எஜுகேஷன் ஒபீஸுக்கும் போகும். உங்கள வட்டகொடைக்கோ எங்கயோ மாத்தி விட்டுருவாங்க.

— வட்டகொடையிலயும் புள்ளைங்கதானே இருக்கு. எடுங்கங்குறேன்.

— ...ஓடுது. பேசுங்க.

— நான் மெரினா அமிர்தநாதன். இந்தத் தோட்டத்து ஸ்கூல்ல ஏழாம் வகுப்பு டீச்சர். எங்க புள்ள வினோதா ஒரு பிழையும் விடல. மழை சத்தத்துல கேக்காமப் போனதால தமிழ்ல ‘என்ன’ன்னு கேட்டா. அந்தப் புள்ளைக்குச் சிங்களம் வராது. எங்க ஸ்கூல்ல சிங்களம் படிப்பிக்க டீச்சர் வந்து எத்தனையோ காலம். தமிழ்ப் புள்ள தமிழ்ல கேட்டத வெளங்கிக்காம விட்டது உங்க மெஷின். மன்னிப்புக் கேக்கணும்னா அது கேக்கட்டும். கேக்கத் தெரியாட்டி அதச் செஞ்சவங்க வந்து கேக்கட்டும். அவ்வளவுதான். நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன்.

— என்ன யோசிக்கிறீங்க?

— அனுப்பத்தான் யோசிக்கிறேன்.

— அழிச்சுருவீங்கன்னு நெனச்சேன்.

— அழிக்கலாம்னுதான் கை போச்சு. டீச்சர், இத அனுப்பினா எனக்கும் வேலை இருக்குமான்னு தெரியாது. இருந்தாலும் நீங்க சொன்னதுதான் உண்மை. அந்தப் பதிவ எத்தனை தடவை போட்டுக் கேட்டேன்னு எனக்குத்தான் தெரியும். அந்தப் புள்ள ‘என்ன’ன்னு கேக்குது. பச்சைத் தமிழ். அதப் போயி மாத்திச் சொல்லச் சொன்னா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.

— அப்ப டிரைவர் தம்பிக்கிட்டக் கயிற உள்ள வைக்கச் சொல்லுங்க.

— சொல்றேன். ஆனா உங்க பேச்சு மட்டும் பத்தாது. டீச்சர் புள்ளையக் காப்பாத்தப் பேசுறாங்கன்னு தள்ளி விட்டுருவாங்க. வினோதாவும் நடந்தத நடந்த மாதிரியே சொல்லட்டும். மன்னிப்பு வேணாம். ஒண்ணும் வேணாம். மழையில கேக்கல, ‘என்ன’ன்னு கேட்டேன், அவ்வளவுதான். ரெண்டையும் சேத்து அனுப்புறேன். மெஷின் பிழைன்னு என் பேரையும் போட்டு அனுப்புறேன்.

— பயமுறுத்த மாட்டீங்கதானே?

— நானே பயந்துதான் இருக்கேன், அவள எங்க பயமுறுத்துறது.

— கூப்பிட வேணாம். கதவுக்குப் பின்னால கவுனு தெரியுது. வினோதா, எவ்வளவு நேரமா அங்க நிக்கிற?

— உள்ள வரலாமா டீச்சர்?

— வா. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் நிக்கிறியா?

— ஆமா டீச்சர். திரையத் தூக்குறாங்கன்னு நம்ம வகுப்பு ஜூட்சன் வந்து சொன்னான்.

— தூக்கல. சேர் கேக்குறதுக்கு நடந்தத அப்படியே சொல்லு. யாருக்கும் பயப்படத் தேவையில்ல. நீ ஒரு பிழையும் செய்யல.

— வினோதா, இந்தா பாரு, போன்ல சிவப்பு தெரியுதுதானே, பதிவாகுது. கூச்சப்படாத. அன்னைக்கு நல்ல மழை, சந்தருவன் சொன்னது உனக்குக் கேக்கல. சரிதானே?

— சேர், ஒண்ணு கேக்கலாமா?

— கேளு.

— நான் இதச் சொன்னா, அவங்க எல்லாரும் பிழையா வெளங்கித்தான் எங்க வீட்டுக்கு வந்தாங்கன்னு ஆயிருமா?

— அப்படித்தானேம்மா நடந்துச்சு.

— சந்தருவனுக்கும் அப்படித்தான் சொல்லுவீங்களா?

— எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லணும். அப்பத்தான் உன் மேல பிழை வராது, திரையும் இங்க இருக்கும். சொல்லு, மழையில ஒண்ணும் கேக்கல.

— கேட்டுச்சு சேர்.

— என்ன கேட்டுச்சு?

— கூட்டையெல்லாம் இங்க கொண்டாரட்டான்னு கேட்டான்.

— அது சிங்களத்துல இல்ல கேட்டான். உங்க திரையில தமிழ் எழுத்து விழவே இல்லயே.

— விழல சேர்.

— வினோதா, என்னடி பேசுற? சேர் பதிவு பண்ணிக்கிட்டு இருக்காரு. அவன் சொன்னது வெளங்காமத்தானே ‘என்ன’ன்னு கேட்ட?

— நான் கேக்கல டீச்சர். சிங்களத்துல கூப்பிட்டேன்.